வேலியே பயிரை மேயும்போது

நேற்றுவரை திடகாத்திரமாய் நடமாடிய ஒருவர், ஐம்பது வயதையும் எட்டாதவர், வயல் வரம்பிலோ அடுக்களையிலோ தலையைப் பிடித்துக்கொண்டு சாய்கின்றார். பொழுது சாயுமுன் அவ்வீடு செத்தவீடாகி விடுகின்றது. முற்றத்திற் கூடியிருப்போர் காரணம் வினவுகின்றனர். “மூளை நரம்பு வெடித்துவிட்டதாம்” என்கின்றார் ஒருவர். “விதி, யார் என்ன செய்யலாம்?” என்கின்றார் மற்றொருவர். அத்துடன் ஆராய்ச்சி முற்றுப்பெறுகின்றது. பரந்தனிலும் கண்டாவளையிலும் உருத்திரபுரத்திலும் மட்டுமன்று, தமிழ் வழங்கும் ஊர்கள் யாவற்றிலும் இவ்வுரையாடல் இவ்வாறே நடைபெறுகின்றது.

இவ்வுரையாடலில் வரும் இரண்டு சொற்கள் பிழையானவை. நரம்பு என்பது ஒன்று. விதி என்பது மற்றொன்று. முன்னையது உடற்கூற்றிலே நேர்ந்த பிழை. பின்னையது அதனினும் பெரிய பிழை. ஏனெனில், தடுக்கக்கூடிய சாவுகளையும் தடுக்கவியலாதவை என்று நம்மை நம்பச் செய்வது அதுவே. இவ்விரு சொற்களையும் மறுத்துரைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நம் கருத்து. கடந்த சில பத்தாண்டுகளில் இந்நோயைப் பற்றி அறிவியல் கண்டறிந்தவை நமக்கு அந்தத் துணிவைத் தருகின்றன.

நரம்பன்று, நாடி

வெடிப்பது நரம்பன்று, குருதியைச் சுமந்து செல்லும் நாடி. நரம்பு உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டு செல்வது. அதனுள்ளே குருதி ஓடுவதில்லை. ஆதலின் அது வெடிப்பதற்கும் இடமில்லை. மூளையின் அடிப்புறத்தே நான்கு பெருநாடிகளின் கிளைகள் ஒன்றையொன்று தழுவி ஒரு வளையம் அமைக்கின்றன. ஆங்கில மருத்துவர் தோமஸ் வில்லிஸ் 1664ஆம் ஆண்டு வெளியிட்ட மூளைக்கூற்று நூலில் இவ்வளையத்தை விரித்துரைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகின்றது. அந்நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர், பின்னாளில் இலண்டன் மாநகரின் சென் போல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்தோபர் ரென் என்பது கலை உள்ளம் கொண்டோர் நினைவிற் கொள்ளத் தக்கது.

இவ்வளையத்திலே நாடிகள் கவராகப் பிரியும் முனைகளில், சிலருக்குச் சுவர் மெலிந்து வெளிப்புறமாய்ப் புடைக்கின்றது. காம்பிலே தொங்கும் சிறு கனிபோல அது தோன்றும். இதனையே மருத்துவர் ‘அனியூரிசம்’ என்பர். நாம் நாடிப்புடைப்பு எனலாம். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு 3 பேரிடம் இத்தகைய புடைப்பு உண்டென்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தோர் கணித்துள்ளனர். அவர்களுட் பெரும்பாலோர் தமக்கு அஃதிருப்பதை அறியாமலே வாழ்ந்து முதுமையெய்தி வேறு காரணத்தால் மறைகின்றனர். ஜப்பானில் 5,000க்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு புடைப்பு ஓராண்டில் வெடிக்கும் வாய்ப்பு 100க்கு 1ஐ விடச் சற்றே குறைவு என்று காட்டிற்று. ஆயினும் வெடித்துவிட்டாலோ, மூளையைச் சூழ்ந்த மெல்லிய சவ்வினடியிலே குருதி பரவுகின்றது. அவ்வாறு நேர்ந்தோரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் மாள்கின்றனர். பிழைத்தோரிற் பலர் பேச்சையோ நினைவையோ தொழில் புரியும் ஆற்றலையோ இழக்கின்றனர். ஏனைய பாரிசவாத வகைகள் பெரும்பாலும் முதியோரைத் தாக்க, இதுவோ குடும்பப் பாரத்தைச் சுமக்கும் நடுவயதினரை, அவர்களிலும் ஆடவரைவிடப் பெண்டிரை, மிகுதியாகத் தாக்குகின்றது. ஒரு குடும்பம் தலைகீழாவதற்கு வேறென்ன வேண்டும்?

குளக்கட்டு சொல்லும் பாடம்

ஒரு புடைப்பு ஏன் தோன்றுகின்றது? நூறு பேரில் ஒருவருடையது வெடிக்க, ஏனையோருடையது ஏன் வாளாவிருக்கின்றது? நெடுங்காலமாய் இவ்வினாவுக்குக் கூறப்பட்ட விடை எளிமையானது. பிறவியிலேயே சுவரில் ஒரு பலவீனம். அதன்மேல் குருதியின் அமுக்கம். அமுக்கம் தாங்காமல் சுவர் ஊதுகின்றது. ஊதியது ஒருநாள் உடைகின்றது. நீர்க்குழாய் ஊதி வெடிப்பதைப் போன்றதொரு பொறியியற் கணக்கு இது. இக்கணக்கிலே விதிக்கு இடமுண்டு. ஏனெனில் பிறவிப் பலவீனத்தை யார் மாற்ற வல்லார்?

இவ்விடை முற்றும் பொய்யன்று, ஆனால் அரைகுறையானது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி நெல் விளைக்கும் நம் கமக்காரரைக் கேட்டால் இக்குறையை அவரே எடுத்துக் காட்டுவார். குளக்கட்டு நீரின் பாரத்தால் மட்டும் உடைவதில்லை. எலி வளை தோண்டுகின்றது; கறையான் அரிக்கின்றது; கட்டிலே முளைத்த மரத்தின் வேர் உக்கி உள்ளே வெளியுண்டாகின்றது; கசிவு மண்ணைச் சிறிது சிறிதாய் இழுத்துச் செல்கின்றது. மாரியிலே குளம் வான்பாயும்போது, ஆண்டுக்கணக்கில் உள்ளே நடந்த அரிப்பு ஒரே இரவில் வெளியாகின்றது. உடைப்பு ஒருநாட் செய்தி. அரிப்போ பல்லாண்டுக் கதை. நாடிச் சுவரிலும் இதுவே நடைபெறுகின்றது என்பதும், அங்கே அரிக்கும் கறையான் நம் உடலின் சொந்தக் காவற்படையே என்பதும் இன்றைய ஆய்வுகள் வற்புறுத்தும் உண்மைகள்.

காவற்படையின் கதை

காலிலே முள் தைத்தால் அவ்விடம் சிவக்கின்றது, வீங்குகின்றது, சுடுகின்றது, நோகின்றது. இந்நான்கு குறிகளையும் உரோமரான செல்சஸ் கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். இதுவே அழற்சி. 1882ஆம் ஆண்டு, உருசிய அறிஞர் இலியா மெச்னிக்கோவ் சிசிலித் தீவின் மெசினா நகரிலே தங்கியிருந்தபோது, நட்சத்திர மீனின் ஒளிபுகும் குடம்பியொன்றின் உடலில் ரோசா முள்ளைச் செருகி வைத்து, மறுநாட் காலையில் நோக்கினார். அலைந்து திரியும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடலுக்குக் காவற்படை உண்டென்பதும், அப்படையினர் பகைவரை விழுங்கி அழிப்பர் என்பதும் அக்காட்சியால் விளங்கின. இக்கண்டுபிடிப்புக்காக 1908ஆம் ஆண்டு அவர் நோபெல் பரிசினைப் பகிர்ந்து பெற்றார். அக்கலங்களுட் பெரியவற்றைப் பெருவிழுங்கிகள் என்கின்றோம்.

முள் தைத்த காலில் இப்படை நமக்கு நன்மையே செய்கின்றது. கிருமியைக் கொல்கின்றது, இறந்த தசையை அகற்றுகின்றது, புண் ஆறியதும் கலைந்து போகின்றது. ஆனால், போர் முடிந்தும் கலையாத படை எந்நாட்டுக்கும் இடர். மூளையின் நாடிச் சுவரிலே நேர்வது அதுதான்.

குருதி கவர்முனையில் மோதிப் பிரியும் இடத்திலே, உட்சுவரை உராயும் விசை மிகுகின்றது, ஓட்டம் சுழிக்கின்றது. நாடியின் உட்புறத்தை வேய்ந்திருக்கும் மெல்லிய கலப்படை இதனை ஊறாக உணர்கின்றது. உணர்ந்ததும் அக்கலங்களினுள்ளே அழற்சிக் கட்டளைகளைத் திறந்துவிடும் ‘என்.எவ். கப்பா பீ’ என்னும் திறவுகோல் இயங்கத் தொடங்குகின்றது. உதவிக்கு அழைக்கும் இரசாயனப் பொருள்கள் சுரக்கின்றன. அவ்வழைப்பைக் கேட்டுக் குருதியிலிருந்து பெருவிழுங்கிகள் சுவரினுட் புகுகின்றன. பகைவனோ அங்கே இல்லை. ஆயினும் வந்த படை வாளாவிருப்பதில்லை. நாருருப் புரதங்களைக் கரைக்கும் நொதியங்களை அது சொரிகின்றது. சுவருக்கு மீளுந்தன்மை தரும் உட்படை சிதைகின்றது. சுவரைக் கட்டிக் காக்கும் தசைக் கலங்கள் தம் தொழிலை மறந்து தாமும் அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன, பின்னர் மடிகின்றன. மூளை நாடிகளுக்கு இயல்பாகவே வெளி மீள்படை இல்லை. ஏனைய நாடிகளைவிடச் சுவரும் மெல்லியது. ஆதலின், உட்படை சிதைந்ததும் சுவர் புடைக்கின்றது. புடைத்த பையினுள்ளே ஓட்டம் மேலும் சுழிக்கின்றது. சுழிப்பு மேலும் படையை அழைக்கின்றது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவன்றி வேறெது?

சான்றுகள் யாவை?

இவையெல்லாம் கற்பனையோ என்று ஐயுறுவோர்க்குச் சான்றுகள் உள. ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நொபுவோ ஹாஷிமோட்டோவும் அவர்தம் துணைவரும் 1978ஆம் ஆண்டு எலிகளிடத்தே நாடிப்புடைப்பைத் தோற்றுவித்துக் காட்டினர். கழுத்து நாடியொன்றைக் கட்டி ஓட்டத்தை மாற்றினர்; குருதி அமுக்கத்தை உயர்த்தினர்; சுவரின் நாரை நலிவிக்கும் பொருளொன்றைக் கொடுத்தனர். அமுக்கத்தை உயர்த்த அவர்கள் கையாண்டவற்றுள் ஒன்று உப்பு என்பதை வாசகர் கவனத்தில் இருத்த வேண்டுகின்றோம். பிறவிப் பலவீனமில்லாத பிராணியிடத்தும் இந்நோயைத் தோற்றுவிக்கலாம் என்பது அன்றே தெளிவாயிற்று. பின்னர் வந்த ஆய்வாளர், எலியினங்களிலே பெருவிழுங்கிகளைக் குறைத்தோ, அவற்றை அழைக்கும் பொருளை நீக்கியோ பார்த்தபோது, புடைப்புத் தோன்றுவதும் குறைந்தது.

எலிக்கு நேர்வது மனிதனுக்கும் நேருமா? பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரிலே யுஹானா பிரோசன் என்பாரும் துணைவரும் சத்திர சிகிச்சையின்போது வெட்டியெடுத்த 66 புடைப்புகளின் சுவர்களை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்து 2004ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவற்றுள் 24 வெடிக்காதவை, 42 வெடித்தவை. வெடித்தவற்றின் சுவரிலே காவற்கலங்கள் மிகுந்தும், உட்புறக் கலப்படை உரிந்தும், தசைக் கலங்கள் அருகியும் காணப்பட்டன. அந்நாட்டின் வேறோர் ஆய்வுக் குழுவினர், வெடித்த புடைப்புகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றிலே வாயில் வாழும் பற்றீரியாக்களின் மரபுப்பொருளையும் கண்டு 2013இல் அறிவித்தனர். பல்லீறின் நாட்பட்ட அழற்சிக்கும் மூளை நாடிக்கும் உறவு உண்டோ என்னும் கேள்வியை அது எழுப்பிற்று.

இங்கே ஒரு நேர்மையான தடை எழுகின்றது. வெடித்த சுவரிலே காவற்படை கூடியிருந்ததென்றால், படை வந்ததால் சுவர் வெடித்ததா, சுவர் வெடித்ததால் படை வந்ததா? தீப்பிடித்த வீட்டைச் சுற்றித் தீயணைப்போர் நிற்பதைக் கண்டு, அவர்களே தீ வைத்தனர் என்று முடிவுகட்டலாமா? இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும், வெடித்துச் சில மணி நேரமே ஆன புடைப்புகளிலும் அழற்சியின் பழைய சுவடுகள் காணப்படுவதும், வெடிக்காத புடைப்புகளிலும் சிலவற்றில் அவை இருப்பதும், எலியினங்களிலே அழற்சியைத் தணித்தால் நோய் தணிவதும் ஒருங்கு நோக்கத் தக்கன. அழற்சி வெறும் பார்வையாளனன்று, பங்காளி. அதேவேளை, அது முழுதும் கேடானது என்பதும் பிழை. சுவரைப் பழுது பார்க்க வந்த படையே, பழுது தீராதபோது இடிக்கத் தொடங்குகின்றது. எவ்விடத்தில் முன்னது பின்னதாய் மாறுகின்றது என்பதே ஆய்வாளர் இன்று தேடும் எல்லைக்கோடு.

உப்பும் புகையும்

அழற்சிக் கொள்கையின் பெரும்பயன் மருந்தன்று, மனமாற்றம். நோய் பிறவியோடு முடிந்துபோன தீர்ப்பன்று, ஆண்டுதோறும் எழுதப்பட்டு வரும் வழக்கு என்றால், அவ்வழக்கிலே நாமும் வாதாடலாம் அல்லவா? நாடிச் சுவரிலே அழற்சியை மூட்டுவன எவை என்று வினவின், முன்னே நிற்பன இரண்டு: உயர்ந்த குருதி அமுக்கம்; புகைத்தல்.

உப்பைப் பற்றிப் பரந்தன் வாசிக்கு எவரும் பாடம் புகட்ட வேண்டியதில்லை. வடக்கே ஆனையிறவு உப்பளம். அவ்வுப்பின் கரைசலிலே மின்னோட்டத்தைச் செலுத்தி எரிசோடாவும் குளோரீனும் ஆக்குவதற்காக 1950களில் எழுந்தது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. போர் அதனை முடக்கி விட்டது. ஆயினும் அந்தப் பெயரால் இவ்வூரை நாடெங்கும் அறிந்திருந்தனர். உப்பு உயிருக்கு இன்றியமையாதது, தொழிலுக்கும் இன்றியமையாதது. ஆனால், உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு வேண்டுமென்கின்றது. அஃது ஒரு தேக்கரண்டியளவே. கறியில் இட்டது போக, கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் கடையிற் பொதிசெய்து விற்கும் தின்பண்டங்களிலும் ஒளிந்து வருவதை யார் அளக்கின்றனர்? அமுக்கம் உயர்ந்திருப்பதை உடம்பு அறிவிப்பதுமில்லை. ‘எனக்கு ஒரு வருத்தமுமில்லை’ என்று சொல்வோர் பலர், கையிலே பட்டி கட்டி அளந்தபின்னரே திடுக்கிடுகின்றனர். அளந்து பார்க்க ஐந்து நிமிடமும் ஆகாது. வைத்தியசாலைக்குப் போவது நோயாளியான பின்னரே என்னும் நம் வழக்கம் அந்த ஐந்து நிமிடத்தையும் மறுத்து விடுகின்றது.

புகைத்தலின் கதை இன்னும் தெளிவானது. புகையிலையின் புகை நாடியின் உட்படையை நேரே ஊறுபடுத்துகின்றது, காவற்படையைத் தூண்டுகின்றது, சுவரைக் கரைக்கும் நொதியங்களுக்கு வழிவிடுகின்றது. இதற்கு ஒரு நாடே சான்று பகர்கின்றது. நாடிப்புடைப்பு வெடிப்பது பின்லாந்திலே மிகுதி என்று நெடுங்காலம் பேசப்பட்டது. அந்நாட்டவரின் குருதியிலே ஏதோ ஊழ் கலந்திருப்பதாகவும் எண்ணப்பட்டது. ஆனால் 1998ஆம் ஆண்டிலிருந்து 2012ஆம் ஆண்டுவரை அந்நாட்டில் புகைப்போர் தொகை குறைந்து வர, இக்குருதிக் கசிவும் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்தது. ஐம்பது வயதுக்கு உட்பட்டோரிடத்தே குறைவு இன்னும் பெரிது. அதே மக்கள்; அதே மரபு. மாறியது பழக்கமே. விதியென்று சொல்லப்பட்டதிலே நாலிலொரு பங்கை மக்கள் தம் கையாலேயே அழித்தெழுதினர் எனில், மிஞ்சியதையும் விதியென்றே சொல்லிக்கொண்டிருப்பது எவ்வாறு தகும்? குடாநாட்டின் புகையிலைத் தோட்டங்களுக்கும் சுருட்டுக் கொட்டில்களுக்கும் நெடிய வரலாறு உண்டென்பதை மறுக்கவில்லை. அவ்வரலாற்றுக்கு நம் தந்தையர் தம் மார்பையும் மூளையையும் விலையாகக் கொடுத்தனர் என்பதையும் மறைக்கலாகாது. 2006ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டத்தை இயற்றிற்று. சட்டம் விளம்பரத்தைத் தடுக்கும். கையிலிருப்பதை நாமே கீழே போட வேண்டும்.

கைவைத்தியம் வேண்டா

அழற்சிதான் காரணமென்றால் அழற்சி தணிக்கும் குளிகையை விழுங்கிவிடலாமே என்று ஒருவர் துணியலாம். அமெரிக்க மருத்துவர் டேவிட் ஹாசனும் துணைவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அஸ்பிரினை அடிக்கடி உட்கொள்வோரிடத்தே புடைப்பு வெடித்தல் குறைவாயிருந்ததெனக் காட்டியது உண்மையே. ஆயினும், அது மருந்துண்டோரையும் உண்ணாதோரையும் ஒப்புநோக்கிக் கண்ட தொடர்பு, முடிந்த முடிவன்று. அஸ்பிரின் குருதி உறைவதைத் தடுப்பது. கசிவு தொடங்கிய பின்னர், தலையிடிக்கென அதனை விழுங்குவோர் ஆபத்தைத் தாமே அழைக்கின்றனர். மருத்துவர் ஆராய்ந்து சொல்லாமல் எவரும் இதனைக் கைவைத்தியமாய்க் கைக்கொள்ளலாகாது.

அவ்வாறே, ஊரிலுள்ளோர் அனைவர் மூளையையும் படம்பிடித்துப் புடைப்பைத் தேடுவதும் அறிவுடைமையன்று. வெடிக்கப்போகாத புடைப்பைக் கண்டு வாழ்நாளெல்லாம் அஞ்சுவோரை அது பெருக்கும். உடன்பிறந்தார், பெற்றோர், பிள்ளைகளில் இருவருக்கேனும் இந்நோய் நேர்ந்த குடும்பத்தினரும், சிறுநீரகத்தில் பல நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோயுடையோரும் மருத்துவரை அணுகி ஆலோசிப்பது தகும். ஏனையோர்க்கு அமுக்கத்தை அளப்பதும் புகையை விடுவதுமே போதிய காப்பு.

தலையிடி என்னும் நல்ல சொல்

இனி, நம் மொழி நமக்குத் தந்த ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். தமிழகத்தார் தலைவலி என்பதை நாம் தலையிடி என்கின்றோம். புடைப்பு வெடிக்கும்போது வரும் வேதனையை மேனாட்டு மருத்துவர் இடி முழக்கத்துக்கே ஒப்பிடுவர். நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டும் வேதனை; வாழ்நாளில் முன்னெப்போதும் அறியாத வேதனை; அதனோடு வாந்தி, பிடரி விறைத்தல், வெளிச்சத்தைப் பொறுக்காமை, சிலரிடத்தே மயக்கம். இதுவே உண்மையில் தலை-இடி. எல்லா நோவுக்கும் அச்சொல்லை வழங்கி வழங்கி, இடிக்கும் தூறலுக்கும் வேறுபாடு அறியாதவராயினோம். அதனால், இடி விழுந்த பின்னரும் பனடோல் இரண்டை விழுங்கிப் படுத்துறங்குவோர் உளர்.

பெருவெடிப்புக்குச் சில நாள் அல்லது சில கிழமை முன்னரே, சிறு கசிவொன்று இத்தகைய இடியோடு தோன்றி அடங்குவதும் சிலரிடத்தே உண்டு. ஒரு கண்ணிமை திடீரெனத் தொங்கி, கண்மணி விரிந்து, பொருள்கள் இரண்டாய்த் தோன்றுவதும் ஒரு புடைப்பு அருகிலுள்ள நரம்பை அமுக்குவதன் குறியாகலாம். இவை எச்சரிக்கை மணிகள். மணியோசை கேட்டும் எழாதவர்க்கு வெள்ளம் வரும்போது குளக்கட்டைக் குறைகூற உரிமையில்லை.

ஏன் இத்துணை விரைவு வேண்டும்? முதல் 6 மணி நேரத்துள் எடுக்கும் சி.ரி. படம் ஏறக்குறைய எல்லாக் கசிவையும் காட்டிவிடும். நாட் செல்லச் செல்ல அச்சான்று மறையும். ஒருமுறை வெடித்த புடைப்பு மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்திலேயே மிகுதி. அதனை அடைத்துவிட வழியுமுண்டு. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் வோல்டர் டாண்டி புடைப்பின் கழுத்திலே உலோகக் கவ்வியொன்றை இட்டு மூடினார். 1990இலிருந்து, இத்தாலியரான கைடோ குக்லியெல்மி கண்ட முறையால், மண்டையைத் திறவாமலே நாடிவழியே நுண்கம்பிச் சுருளைச் செலுத்திப் புடைப்பை நிரப்புகின்றனர். நம் அயலிலும் இக்கலை புதியதன்று. வேலூரிலே யாக்கோப் சாண்டி 1949இலும், சென்னையிலே பி. இராமமூர்த்தி 1950இலும் மூளைச் சத்திர சிகிச்சைத் துறையைத் தொடக்கி வைத்தனர்.

ஆயின், பரந்தன் சந்தியிலே நிற்கும் ஒருவருக்கும் அக்கலைக்குமிடையே தெரு நீண்டு கிடக்கின்றது. யாழ்ப்பாணம் ஏறக்குறைய 60 கிலோமீற்றர். கொழும்பு அதைப்போல் ஐந்து மடங்கு. முல்லைத்தீவுத் தெருவின் உட்கிராமத்தார்க்குப் பரந்தன் சந்தியே தொலைவு. ஆதலின், நோயாளி இழக்கும் நேரத்திற் பெரும்பகுதி வீட்டிலேயே, ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்னும் சொல்லிலேயே இழக்கப்படுகின்றது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச நோயாளர் வண்டிச் சேவை 2018ஆம் ஆண்டிலிருந்து வட மாகாணத்திலும் நடைபெறுகின்றது. அவ்விலக்கம் நம் வீட்டுச் சுவர்களிலே நாட்காட்டிக்கு அருகே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதே வேளை, பெருநகரங்களிலே குவிந்து கிடக்கும் மூளைச் சிகிச்சை வசதி வன்னி மண்ணை நெருங்கி வரவேண்டுமென்று கேட்பதும் நம் உரிமை. குளத்தைத் தலைப்பிலே வைத்துக்கொண்டு கடைமடைக்கு நீர் விடாதது நீதியாகாது.

ஆசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும்

இலக்கியப் பக்கத்திலே நாடிச் சுவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்கட்கு நம் மண்ணின் வரலாறே விடை தரும். 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து நம்மவரைத் தமிழிலேயே மருத்துவராக்க முற்பட்டார். அதற்கெனக் கலைச்சொற்களை ஆக்கி, இரண வைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தமிழிலே வெளிப்படுத்தினார். அவர் 1884இல் மறைந்தார். 1950களிலே இந்நாட்டு அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டு, நாடி, நாளம், நொதியம், அமுக்கம் என்னும் சொற்களை நம் வகுப்பறைகளுக்குள் கொணர்ந்தனர். சொல் வந்தது, பரீட்சைத்தாளிலே நின்றுவிட்டது. வகுப்பிலே ‘நாடி’ என்று எழுதி மதிப்பெண் பெற்ற மாணவனே, வீட்டிலே ‘நரம்பு வெடித்தது, விதி’ என்று சொல்வானாயின், கல்வி அவன் வாசற்படியைத் தாண்டவில்லை என்பதே பொருள்.

சொல் பிழைத்தால் எண்ணம் பிழைக்கும். எண்ணம் பிழைத்தால் செயல் பிழைக்கும். நரம்பென்று சொல்வோர் அமுக்கத்தை அளக்க மாட்டார்; விதியென்று சொல்வோர் 1990ஐ அழைக்க மாட்டார். ஆதலின் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் இதனைப் பாடத்தோடு நிறுத்தாது பெற்றோர் கூட்டத்திலும் சொல்வாராக. மாணவர் தம் வீட்டாரின் குருதி அமுக்கத்தைக் கேட்டு எழுதி வருவாராக. கதை எழுதுவோர் தம் கதைமாந்தரைக் கொல்ல விரும்பினால் ‘திடீரென’ என்ற சொல்லை எழுதுமுன் சற்றுச் சிந்திப்பாராக. சனசமூக நிலையங்களிலே பட்டிமன்றம் நடத்துவோர் அமுக்கம் அளக்கும் கருவியொன்றையும் மேசையில் வைப்பாராக.

குளக்கட்டைக் காப்போன் வெள்ளம் வரும்போது விழிப்பவனல்லன். கோடையிலே, நீர் வற்றியிருக்கும்போதே, எலிவளையைத் தேடி அடைப்பவனே காவலன். நம் உடம்பும் அத்தகைய கட்டே. அதன் அரிப்பு இன்று நம் கண்ணுக்குப் புலனாகியுள்ளது; அரிப்பன எவை என்பதும் தெரிந்துள்ளது. தெரிந்த பின்னும் அடைக்காதிருப்பதற்கு விதியென்று பெயரிடுவது விதிக்கும் இழுக்கு, நமக்கும் இழுக்கு.